வெளிச்சத்துக்கு பிராண்ட் கிடையாது

ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கற விஷயம் இது. புதுசா டிஎஸ்எல்ஆர் வாங்கினவங்க யாரா இருந்தாலும் அடுத்து கேக்கற கேள்வி ஒண்ணுதான், கம்மி விலைல என்னென்ன ஆக்சஸரீஸ் வாங்கலாம்? பதில் சொல்றவங்களும் விலையை வெச்சே அடுக்கிடறாங்க, ஐந்நூறுக்கு இது, ஆயிரத்துக்கு அதுன்னு. நீ எடுக்கற வீடியோல இப்ப எது சரியில்ல, எங்க வெச்சு எடுக்கற, யாரை எடுக்கறன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. கேமராவையே இஎம்ஐ போட்டு வாங்கின பசங்க கையில மிச்சம் இருக்கறது கொஞ்சூண்டு காசு, அது வேண்டாத சாமான்ல போயிடுச்சுன்னா அடுத்த வருஷம் வரைக்கும் அந்தக் கேமராவால என்ன பண்ண முடியும்னு தெரியாமலே இருப்பாங்க. அதனாலதான் எனக்கு இந்த லிஸ்ட் எல்லாம் பார்த்தா கோவம் வருது.

இதை எழுத வெச்சவன் என் அக்கா பையன். விஸ்காம் படிக்கறான், செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேனன் 200டி வாங்கியிருக்கான், கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். காலேஜ்ல ஒரு சின்ன டாக்குமெண்டரி பண்ணச் சொல்லியிருக்காங்க. அவன் தன்னோட ஆயாவை, அதாவது அவங்க அப்பாவைப் பெத்தவங்களை, எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டான். காசிமேட்டுல பல வருஷம் மீன் ஏலம் எடுத்து வித்தவங்க, இப்ப முட்டி வலி, ராயபுரத்துல வீட்டோட இருக்காங்க. "மாமா, கையில பத்தாயிரம் இருக்கு, 50எம்எம் வாங்கிடட்டுமா?"ன்னு கேட்டான்.

50எம்எம் எஃப்1.8 அருமையான லென்ஸ்தான், அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. ஆனா 200டி மாதிரி சின்ன சென்சார் கேமரால அது 80எம்எம் அளவுக்கு நெருக்கமா காட்டும், ராயபுரத்து வீட்டு ஹால்ல சுவத்தோட முதுகை ஒட்டிக்கிட்டு நின்னாலும் ஆயா முகம் மட்டும்தான் ஃப்ரேம்ல இருக்கும், அவங்க கையாட்டி ஏலம் கூவுறது வெளிய போயிடும். பேசற ஒருத்தங்களை எடுக்கப் போறோம், அவங்க பேச்சு எப்படி பதிவாகப் போகுதுங்கறதுக்கு அந்த பத்தாயிரத்துல ஒரு ரூபா கூட ஒதுக்கலையேன்னு எனக்கு அதுதான் பெரிய கவலையா இருந்துச்சு.

கடைக்கு ரெண்டு பேரும் போனோம். போனதுமே எடுத்து நீட்டறது ஒரு காம்போ பாக்கெட். யுவி ஃபில்டர், லென்ஸ் முன்னாடி திருகுற வைட் ஆங்கிள் கன்வெர்ட்டர், மேஜை மேல வைக்கற குட்டி ட்ரைபாட், துடைக்கற துணி, ப்ளோயர். பார்த்தா நிறைய சாமான் கிடைச்ச மாதிரி இருக்கும். அதுல ப்ளோயரும் துணியும்தான் உருப்படி. மலிவு யுவி ஃபில்டரைப் போட்டுக்கிட்டு ராத்திரி ரோட்டுல தெருவிளக்கைப் பார்த்து எடுத்துப் பாருங்க, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பேய் விளக்கு படத்துல எதிர்ப்பக்கம் மிதக்கும். லென்ஸைக் காப்பாத்தத்தான் ஃபில்டர்னா, ஒரு பிளாஸ்டிக் ஹூட் அதைவிட நல்லா காப்பாத்தும், படத்தையும் கெடுக்காது. கன்வெர்ட்டர் போட்டா ஓரம் எல்லாம் குழம்பிப்போய் நிக்கும். அவனை அந்த பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வெச்சேன், கொஞ்சம் முகம் வாடிடுச்சு, பரவால்ல.

ராயபுரத்து ஃபேன்

சென்னைல வீட்டுக்குள்ள வெச்சு ஒருத்தங்க பேசறதை எடுத்துப் பார்த்தவங்களுக்குத் தெரியும், நம்ம எதிரி சீலிங் ஃபேன். நிறுத்தினா பேசறவங்களுக்கு வேர்த்துக் கொட்டுது, முகம் எல்லாம் பளபளன்னு ஆகி பவுடர் போட்டு ஒத்தி எடுக்கவே நேரம் போயிடும், வயசானவங்களை அப்படி உக்கார வெக்கறதும் நியாயம் இல்ல. ஓட விட்டா கேமரால இருக்கற மைக்குக்கு ஃபேன்தான் ஹீரோ, மனுஷங்க குரல் எங்கயோ பின்னாடி. போதாததுக்கு லென்ஸ் ஃபோகஸ் தேடற சத்தம், கேமராவைத் தொடற சத்தம் எல்லாத்தையும் அது பக்கத்துல இருந்து வாங்கிக்கும். ஆயா வீட்டுல இதோட ஃப்ரிட்ஜ் வேற, ஹாலுலயே. (ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணினா உங்க வண்டி சாவியை அதுக்குள்ள வெச்சுடுங்க, கிளம்பும்போது மறக்காம ஆன் பண்ணிட்டுத்தான் போவீங்க. சவுண்ட் ரெக்கார்டிஸ்டுங்க பல பேர் பண்றது.)

எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல ஆயிரம் ரூபாய்க்கு உள்ள ஒரு காலர் மைக் வாங்கினோம், போயா பிஒய்-எம்1. ஆறு மீட்டர் ஒயர், நடுவுல ஒரு டப்பா மாதிரி, அதுல ஒரு சின்ன எல்ஆர்44 பேட்டரி, ஃபோனா கேமராவான்னு மாத்த ஒரு ஸ்விட்ச். இதை நேரா 200டில சொருகலாம், மைக் ஓட்டை இருக்கு. ஆனா நான் அக்காவோட பழைய ஃபோன், அதுல இன்னும் 3.5எம்எம் ஓட்டை இருந்துச்சு, அதுல மைக்கைச் சொருகி தனியா பதிவு பண்ணச் சொன்னேன். கேனன் 1500டி வெச்சிருக்கறவங்களுக்கு எப்படியும் இந்த வழிதான், அந்த கேமரால மைக் ஓட்டையே வைக்கல. ஆரம்பிக்கும்போது கேமரா முன்னாடி ஒரு தடவை கை தட்டிட்டா போதும், எடிட்டிங்ல அந்த தட்டலை வெச்சு படத்தையும் சத்தத்தையும் ஒட்டிடலாம்.

ஆயாவுக்கு மைக் மாட்டிவிட்டப்போ குனிஞ்சு பார்த்துட்டு, "இன்னா கண்ணு இது, தேளு கணக்கா மாரு மேல குந்திக்கினு கீது?"ன்னு கேட்டாங்க. முந்தானை மடிப்புக்கு வெளிய, ஸ்பாஞ்சைப் போட்டு, வாய்ல இருந்து ஒரு சாண் கீழ. ஒயரை ஒரு சின்ன வளையமா சுத்தி உள்பக்கம் டேப் போட்டோம், துணி உரசற சத்தம் அதுல நின்னுடும். ஃபேனை நிறுத்தல, ஒண்ணாம் நம்பர்ல விட்டோம். அவன் கேமராவை ரெண்டு மீட்டர் தள்ளி வெச்சான், கேமரா மைக்கும் சும்மா ஓடட்டும்னு விட்டோம்.

அவங்க பாட்டுக்கு பேசினாங்க. விடியக்காலைல போட் வந்ததும் கூடை எப்படி இறங்கும், வஞ்சிரத்துக்கு யாரு முதல்ல விலை வைப்பாங்க, ஐஸ் போட்ட மீனையும் போடாத மீனையும் செவுளைப் பார்த்து எப்படி கண்டுபிடிக்கறது எல்லாம் சொன்னாங்க. நடுவுல ஒரு இடத்துல குரலை இறக்கிட்டாங்க. வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருந்த வருஷம், கையில காசில்லாம ஏலத்துல போய் நின்னது, கூட நிக்கற பொம்பளைங்க இவங்களுக்காக விலை ஏத்தாம விட்டுக் கொடுத்தது. அதை சத்தமா சொல்றதுக்கு அவங்களுக்கு இஷ்டம் இல்ல, பேரன் காதுக்கு மட்டும் சொல்ற மாதிரி சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து லேப்டாப்ல போட்டு, ஹெட்ஃபோன்ல முதல்ல கேமரா மைக்கைக் கேட்டோம். அந்த இடத்துல ஃபேன் மட்டும்தான் இருந்துச்சு. ஆயா உதடு அசையுது, கை அசையுது, சொன்னது எதுவும் இல்ல. சத்தத்தைக் கூட்டினா ஃபேனும் சேர்ந்து கூடுது. அப்புறம் ஃபோன்ல பதிவானதை ஒட்டினோம். ஒவ்வொரு வார்த்தையும் இருக்கு. நடுவுல மூச்சை இழுத்துக்கறது இருக்கு, கை அசைக்கும்போது வளையல் உரசறது இருக்கு, "அவளுங்க இல்லன்னா நான் இன்னிக்கு ஏது"ன்னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் பேசாம இருந்தாங்களே, அந்த பேசாம இருந்தது கூட கேக்குது. அக்கா பையன் ஹெட்ஃபோனைக் கழட்டாம மறுபடி மறுபடி அதே இடத்தைக் கேட்டான். லென்ஸைப் பத்தி அப்புறம் அவன் வாயே திறக்கல.

இதுல மாயம் எதுவும் கிடையாது. ரெண்டு மீட்டர்ல இருக்கற மைக்கை ஒரு சாணுக்கு, அதாவது 20 சென்டிமீட்டருக்கு கொண்டு வந்தா தூரம் பத்துல ஒரு பங்கா ஆயிடுது, குரல் கிட்டத்தட்ட 20 டெசிபல் ஏறிடுது, ஃபேன் இருந்த இடத்துலயே இருக்கு. பல ஆயிரம் ரூபா மைக்கை கேமரா மேல மாட்டி ரெண்டு மீட்டர்ல வெச்சா கூட இந்த வித்தியாசத்தை எட்டறது கஷ்டம். வெளிச்சம் குறைஞ்சிருந்தா எடிட்டிங்ல கொஞ்சம் தூக்கலாம், ஃப்ரேம் கோணலா இருந்தா வெட்டிக்கலாம், காதுக்கு எட்டாமப் போன வார்த்தையை எதுலயும் திருப்பிக் கொண்டு வர முடியாது. அந்த வயசுல இருக்கறவங்களை மறுபடி உக்கார வெச்சு அதையே சொல்லுங்கன்னு கேக்கவும் முடியாது. முதல் காசு மைக்குக்குத்தான்னு நான் அடிச்சு சொல்றது அதனாலதான்.

தெர்மாகோலும் வேட்டியும்

அடுத்தது வெளிச்சம். இதுல எவ்வளவு கம்மியா செலவு பண்ண முடியுமோ அவ்வளவு கம்மியா பண்ணுங்க. வெளிச்சத்துக்கு பிராண்ட் கிடையாது, வெள்ளையா இருக்கற எது மேல பட்டாலும் அது மிருதுவா திரும்பி வரும், பட்ட பொருளோட விலை அதுக்குத் தெரியாது. சத்யஜித் ரேயோட கேமராமேன் சுப்ரதா மித்ரா 1956ல அபராஜிதோ படத்துக்கு, ஸ்டூடியோக்குள்ள போட்ட காசி வீட்டு முற்றம் செட்டுக்கு மேல வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழ இருந்து லைட்டை அதுல அடிச்சு, வானத்து வெளிச்சம் மாதிரியே கொண்டு வந்தார். நம்ம கோடம்பாக்கத்துல இன்னிக்கும் ஷூட்டிங் நடக்கற இடத்துல போய் நின்னா தெர்மாகோலைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிப்பார். கோடிக்கணக்குல செலவு பண்றவங்களுக்கே போதுமானது நமக்கு போதாதா?

ஆயா வீட்டுல ஒரே ஒரு ஜன்னல். அவங்களை ஜன்னலுக்குப் பக்கவாட்டுல உக்கார வெச்சோம், வெயில் நேரா விழுந்த இடத்துல அவங்க பையனோட வெள்ளை வேட்டியை இரட்டையா மடிச்சு கம்பியில கட்டினோம், கரை ஃப்ரேமுக்கும் முகத்துக்கும் வராம பார்த்துக்கிட்டோம். நீலம் போட்டு துவைச்ச வேட்டியா இருந்தா வெளிச்சம் கொஞ்சம் நீலமா தட்டலாம், ஒரு வெள்ளைப் பேப்பரை அந்த வெளிச்சத்துலயே காட்டி வைட் பேலன்ஸ் செட் பண்ணிக்கோங்க. இருட்டா இருந்த கன்னத்துப் பக்கம் ஸ்டேஷனரி கடைல வாங்கின தெர்மாகோல் ஷீட்டை ஒரு நாற்காலில சாய்ச்சு வெச்சாச்சு. அவ்வளவுதான். அஞ்சு துணி வர்ற அந்த மடக்கு ரிஃப்ளெக்டர் நல்லதுதான், பைக்ல எடுத்துட்டுப் போக வசதி, ஆனா அதுல தங்கக் கலரை நம்ம ஊர் தோலுக்கு தயவுசெஞ்சு அடிக்காதீங்க, கல்யாண ஆல்பத்துல மஞ்சள் பூசின மாதிரி வர்றது பாதி அதனாலதான்.

ட்யூப்லைட்டை அணைச்சுட்டோம். ஜன்னல் வெளிச்சமும் ட்யூப்லைட்டும் கலந்தா முகம் பாதி ஒரு நிறம் பாதி இன்னொரு நிறமா போகும், எதை வெச்சும் அதைப் பிரிக்க முடியாது. அணைக்க முடியாத இடம்னா, கேமரா மெனுல வீடியோ சிஸ்டத்தை NTSCல இருந்து PALக்கு மாத்துங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும், நொடிக்கு 25 ஃப்ரேம் வெச்சு ஷட்டரை 1/50 நொடில போட்டா அந்தத் துடிப்போட ஒத்துப்போகும். 30 ஃப்ரேம், 1/60னு எடுத்தா படத்துல கோடு கோடா ஓடும். இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல, ஆனா இதைத் தெரியாம கேமராவே கெட்டுப்போச்சுன்னு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போறவங்களைப் பார்த்திருக்கேன்.

வெளிச்சத்துல காசு போட்டு வாங்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, என்டி ஃபில்டர், லென்ஸுக்கு கூலிங் கிளாஸ் மாதிரி வெளிச்சத்தை மட்டும் குறைக்கற கண்ணாடி, அதுவும் வெளிய வீடியோ எடுக்கறவங்களுக்கு மட்டும். காசிமேட்டுல காலைல ஒன்பது மணி தாண்டிட்டா வெயில் கண்ணைக் குத்தும். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50னு வெச்சா லென்ஸ் துவாரத்தை எஃப்22 வரைக்கும் மூடினாதான் எக்ஸ்போஷர் சரியா வரும், அவ்வளவு மூடினா படம் மழுங்கிப்போய் பின்னாடி இருக்கற போட், கயிறு, குப்பை எல்லாம் ஒண்ணா தெரியும். எஃப்2.8ல எடுக்கணும்னா ஆறு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கணும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகறது), அது என்டி64. ஷட்டரை ஏத்தி சமாளிக்கலாம்னா அசைவு எல்லாம் வெட்டி வெட்டி தெரியும். 18-55 கிட் லென்ஸுக்கு 58எம்எம் ஃபில்டர் வரும், அதையே வாங்கி வெச்சுக்கிட்டா பின்னாடி 50எம்எம் எஸ்டிஎம் வாங்கும்போது 49ல இருந்து 58க்கு ஒரு ஸ்டெப் அப் ரிங் போட்டு அதே ஃபில்டரை மாட்டிக்கலாம், ரிங் ரொம்ப மலிவு. திருப்பித் திருப்பி அளவு மாத்தற வேரியபிள் என்டியும் இருக்கு, அதைக் கடைசி வரைக்கும் திருப்பினா நடுவுல எக்ஸ் மாதிரி ஒரு கருப்பு விழும், முக்கால் வரைக்கும் வெச்சுக்கோங்க.

எதுல மிச்சம் பிடிக்கக் கூடாது

கேமராவைத் தாங்கற சாமானும், எடுத்ததை வெச்சிருக்கற சாமானும். இது ரெண்டுல நான் விட்டுக் கொடுக்கவே மாட்டேன். 200டியும் கிட் லென்ஸும் சேர்ந்து முக்கால் கிலோ கூட வராது, அதனால மலிவு ட்ரைபாட் தாங்கும்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. எடை பிரச்சினை இல்ல. தலைல இருக்கற பிளாஸ்டிக் பிளேட்டோட கிளிப் தேய்ஞ்சு ஆட ஆரம்பிக்கும், மெரினாவுலயோ பெசன்ட் நகர்லயோ கடல் காத்துக்கு மொத்தமும் நடுங்கும், கேமராவை பக்கவாட்டுல திருப்பினா நின்னு நின்னு குதிக்கும். புதுசு வாங்க காசு இல்லன்னா வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஒரு நாள் வாடகைக்கு எடுங்க, இல்ல இரும்பு மாதிரி கனமான பழைய ட்ரைபாட் யாராவது விக்கறாங்களான்னு பாருங்க. கேமராவைத் திருகற ஸ்க்ரூ கால் இன்ச்தான், பழைய ட்ரைபாடும் பெரும்பாலும் பொருந்தும். நாங்க அப்படித்தான் ஒண்ணு வாங்கினோம், கல்யாண வீடியோ எடுத்துட்டு இருந்த ஒரு பெரியவர் தொழிலை விட்டதும் கொடுத்தது, பெயிண்ட் எல்லாம் போயிருக்கு, தலை மட்டும் வெண்ணெய் போல திரும்புது. தலையைத் திருப்பற கைப்பிடில ஒரு ரப்பர் பேண்டை மாட்டி அதை இழுத்துத் திருப்பிப் பாருங்கன்னு அவர் காட்டினார், கை நடுக்கம் அதுல தங்கிடுது. நடுக்கம்பில பையை மாட்டி தொங்கவிட்டா காத்துக்கும் அசையல.

மெமரி கார்டு விஷயத்துல வேகத்துக்கு காசு கொட்ட வேண்டாம். 200டி ஃபுல் எச்டில நொடிக்கு 60 ஃப்ரேம் எடுத்தா கூட நொடிக்கு ஏழரை எம்பிதான் எழுதுது, நல்ல கிளாஸ் 10 கார்டு தாராளமா போதும். ஆனா அசலா இருக்கணும். போலி கார்டு 128 ஜிபின்னு காட்டும், உள்ள இருக்கறது அதுல ஒரு துண்டு, அது நிறைஞ்சதும் மேல வர்றது எல்லாம் காணாமப் போகும், கேமரா ஒரு எச்சரிக்கையும் காட்டாது. பில் போட்டு வாங்குங்க, வாங்கின அன்னிக்கே எச்2டெஸ்ட்டபிள்யூங்கற இலவச ப்ரோக்ராமைக் கம்ப்யூட்டர்ல ஓட்டி முழுசா எழுதிப் படிச்சுப் பாருங்க, நேரம் ஆகும், ஆகட்டும். ஒரு பெரிய கார்டுக்கு பதிலா ரெண்டு சின்ன கார்டு வெச்சுக்கோங்க.

டப்பர்வேர் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்

மத்த ஊர்க்காரங்க எழுதற லிஸ்ட்ல இது வரவே வராது, நமக்கு இதுதான் ரொம்ப முக்கியம். சென்னைக் காத்துல வருஷத்துல பெரும்பாலான நாள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலதான், ஐப்பசி கார்த்திகைல கேக்கவே வேண்டாம். அந்த ஈரத்துல கேமராவை பைக்குள்ள போட்டு பீரோல வெச்சா லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிக்கும். கேமரா பை ஈரத்தை உறிஞ்சி வெச்சுக்கும், அதுலயே மாசக்கணக்குல வைக்கறது மாதிரி கெடுதல் வேற இல்ல. கேமராவை ஈரம் இல்லாம வைக்கற ட்ரை கேபினெட் விலை அதிகம். காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, அடில சிலிக்கா ஜெல், உள்ள பேட்டரில ஓடற, ஈரப்பதம் காட்டற ஒரு குட்டி ஹைக்ரோமீட்டர், இது மூணும் சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும். 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வெச்சா போதும், ரொம்ப காஞ்சாலும் ரப்பருக்கு நல்லதில்ல. ஜெல்லுல ஆரஞ்சு நிறத்தை வாங்குங்க, பச்சையாச்சுன்னா ஈரம் ஏறிடுச்சுன்னு அர்த்தம், சூடு பண்ணினா பழையபடி ஆயிடும். நீல நிறத்துல கோபால்ட் இருக்கு, அதைச் சமையல் பாத்திரத்துல வறுக்காதீங்க. அரிசில போட்டு வைக்கற பழக்கமும் வேண்டாம், அந்தத் தூசு லென்ஸுக்குள்ள போகும்.

ஏசி ரூம்ல இருந்து நேரா வெளிய வந்து கேமராவைத் திறந்தா லென்ஸ் மேல பனி படரும். ஜிப் கவர்ல போட்டு மூடி எடுத்துட்டு வந்து, அரை மணி நேரம் கழிச்சு திறங்க. கடற்கரைல எடுத்துட்டு வந்த அன்னிக்கே லேசா ஈரமான துணியால பாடியைத் துடைச்சு, காஞ்ச துணியால ஒத்தி எடுத்துட்டு அப்புறம் டப்பால வைங்க, உப்பு அங்கயே இருந்தா ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும்.

அக்கா பையன்கிட்ட இன்னும் கொஞ்சம் காசு மிச்சம் இருக்கு. 50எம்எம் ஆசை போகல, போகவும் வேண்டாம், ஆயா முகத்தைத் தனியா க்ளோசப்ல எடுக்க அது நல்லாவே இருக்கும், செகண்ட் ஹேண்ட்ல தேடிட்டு இருக்கோம். இந்த ஊர்ல பழைய லென்ஸ் வாங்கற யாரா இருந்தாலும் பின்பக்கத்துல இருந்து ஃபோன் டார்ச்சை அடிச்சு, சாய்ச்சு சாய்ச்சு முன்பக்கம் பாருங்க. ரெண்டு மூணு தூசு தெரிஞ்சா ஒண்ணும் இல்ல. வெள்ளையா நூல் நூலா கிளை விட்டு ஓடிச்சுன்னா அது பூஞ்சை, விக்கறவங்க எவ்வளவு குறைச்சாலும் வாங்காதீங்க, உங்க டப்பால இருக்கற மத்த லென்ஸையும் அதுகூட வைக்க வேண்டாம்.